ஏழு மதகும் ஒரே வரிசையில்

கடைசிக் கட்டையையும் துளைக்குள் அடித்து இறுக்கிவிட்டு நீர்நாய் நிமிர்ந்து பார்த்தது. குளத்தின் ஏழு மதகுகளும் இப்போது வடகரையில் ஒரே வரிசையில் இருந்தன. முன்பு அவை மூலைக்கொன்றாகக் கிடந்தன. மான்களின் துறைக்கு ஒன்று, எருமைகளின் சேற்றுக்கு ஒன்று, தவளைகளின் பள்ளத்துக்கு ஒன்று என்று, அவரவர் இருக்கும் இடத்தை ஒட்டி. நீர்நாய்க்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. பழையவற்றை மண்ணிட்டு மூடி, புதியவற்றுக்கெல்லாம் ஒரே அளவில் கட்டைகள் செய்து, ஏழு பக்கமும் வாய்க்கால் வெட்டியிருந்தது.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்தவர்களை நிறுத்தி, ஒவ்வொரு கட்டையையும் தானே பிடுங்கிக் காட்டியது.

"எப்படி இருக்கு? ஒளிக்காம சொல்லுங்க. குறை இருந்தா மாத்திடறேன்."

"பிரமாதம்," என்றது மான்.

"கட்டைக்குக் கொஞ்சம் நீலம் பூசலாம்," என்றது மயில்.

"உனக்குப் பூசினது போதாதா?" என்றது குரங்கு. "எனக்கு இன்னும் மூணு மதகு வேணும்."

"குளிக்காத ஆளுக்கு மதகு எதுக்குடா?" என்றது எருமை. எல்லாரும் சிரித்தார்கள்.

ஓரத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"நீ என்னம்மா சொல்றே?"

"நல்லா இருக்குண்ணே."

பத்து நாள் மண் சுமந்தவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்வது அந்தக் குளக்கரையில் வழக்கமில்லை. நீர்நாய் நிம்மதியாகத் தூங்கப் போனது.

மூன்றாம் நாள் காலை எருமைகளின் சேறு குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. யாரோ மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதை மூடப் போன நீர்நாய், வழியில் தவளைப் பள்ளத்தைக் கண்டு நின்றது. கையளவு தண்ணீர்தான் மிச்சம். தலைப்பிரட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நெளிந்தன.

"மதகைத் திறக்க வேண்டியதுதானே?" என்று தவளையைக் கேட்டது.

"திறந்தேன்ணே. இங்க தண்ணி வரல."

"எதைத் திறந்தே?"

தவளை எருமைகளின் சேற்றுப் பக்கம் பார்த்தது.

நீர்நாய் ஓடிப்போய் தவளைப் பள்ளத்துக்கான ஐந்தாவது கட்டையைப் பிடுங்கியது. தண்ணீரோடு கூடவே திரும்பி ஓடிவந்தது. தலைப்பிரட்டைகள் கலைந்து பரவின. சில அசையவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? நான் கேட்டேனே."

"நல்லா இருக்கான்னு கேட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சு." தவளை தயங்கியது. "என் உயரத்துக்கு ஏழும் ஒண்ணாத் தெரியுதுண்ணே. பழசு பள்ளத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். முதுகால முட்டினா திறந்துக்கும்."

நீர்நாய் உடனே தவளைப் பள்ளத்தின் பழைய மதகைத் தோண்டித் திறந்தது. அன்று சாயங்காலம் அது யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. "அவங்கவங்க மதகை நீங்களே திறங்க," என்று மட்டும் சொன்னது.

முதல் நாள் 'பிரமாதம்' என்று சொன்ன மான், வேறு கட்டையைப் போய் முட்டியது. எருமையின் கொம்புக்குக் கட்டை சிக்கவே இல்லை. 'அது இல்ல, பக்கத்துல' என்று சொல்ல நீர்நாய்க்கு நாக்கு துடித்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

எல்லாரும் போனபின், வயிறு தரையில் ஒட்டப் படுத்து, தவளையின் உயரத்திலிருந்து அந்த வரிசையைப் பார்த்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். புழங்குகிறவர் திணறுவதைப் பொறுமையாகப் பார்த்தால்தான் குறை தெரியும்.