கரும்புத் தோட்டத்துச் சுணை

அட, சத்தம் போடாமல் உட்காருங்கள். மருதூரை ஒரு ராணி ஆண்ட காலத்தில் நடந்தது இது.

அந்த ஊரில் செங்கமலம் என்று ஒருத்தி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் விட்டுப்போன நிலத்தில் ஒற்றை ஆளாகக் கரும்பு போட்டாள். கரும்பு ஆள் உயரம் தாண்டி நின்றது.

வெட்டு நெருங்கியதும் கொழுந்தன் வேலப்பன் வந்து நின்றான். அதுவரை எங்கே போயிருந்தானாம் மகாராஜன்? கடைத்தெருவில் தாயம் ஆடிக்கொண்டிருந்தான்!

“நான் நட்ட கரும்பு இது. அண்ணி சும்மா காவல் இருந்தாங்க, அவ்வளவுதான்” என்று ராணியிடம் சாதித்தான். ஊரார் வாயே திறக்கவில்லை. அவன் வாய்க்கு அவ்வளவு பயம். தோட்டம் போனால் செங்கமலத்துக்கும் அவள் குழந்தைக்கும் கஞ்சிக்கு வழியில்லை.

ராணி தோட்டத்துக்கே வந்து, எப்போது நட்டது என்று கேட்டாள். இருவரும் சரியாகச் சொன்னார்கள். எந்த மடைத் தண்ணீர் என்று கேட்டாள். அதையும் இருவரும் சரியாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தான், கில்லாடி!

மூன்றாவதாக ராணி கேள்வி கேட்கவில்லை. “ஆளுக்கொரு வரிசை சோகை உரித்துவிட்டு வாருங்கள்” என்றாள். சோகை என்றால் கரும்பின் காய்ந்த இலை.

வேலப்பன் துண்டை வீசிவிட்டு வெற்றுடம்போடு பாய்ந்தான். செங்கமலம் பாயவில்லை. கையிலும் கழுத்திலும் விளக்கெண்ணெய் தடவினாள். பழஞ்சேலையை இறுக்கிச் சுற்றினாள். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று உரிக்கத் தொடங்கினாள்.

பாதி வரிசைகூட ஆகவில்லை. வேலப்பன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். “ஐயோ எரியுதே! குத்துதே! அரிக்குதே! அண்ணி தோட்டத்துக்கு மந்திரம் வச்சுட்டாங்க! எனக்கு இது வேண்டவே வேண்டாம்!”

“மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல தம்பி. அதுக்குப் பேரு சுணை. சோகையில இருக்கிற பொடி முள்ளு. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும்” என்றாள் செங்கமலம்.

ராணி சிரித்தேவிட்டாள். “நட்டு வளர்த்தவனுக்குச் சுணை தெரியாதா? தோட்டம் செங்கமலத்துக்கே!”

வேலப்பன் தலை தொங்கிப்போயிற்று. செங்கமலம் எண்ணெய்க் கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். “தடவிக்கோ தம்பி. சொறியாதே, இன்னும் உள்ளே இறங்கும்.”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “அண்ணி, நாளைக்கு நானும் உரிக்க வரட்டுமா?”

“வா. உடம்பை மூடிக்கிட்டு வா” என்றாள் அவள்.

அதனால் சொல்கிறேன், கண்ணுகளா: அடுத்தவர் பாடுபட்டதை வாயால் நம்முடையது என்று சொல்லிவிடலாம், ஆனால் பாடுபடாத உடம்பு அதற்குச் சாட்சி சொல்லாது.