மடங்காத விரல்

பேச்சிமுத்து கபடி ஆட வந்து இருபது வருஷம் ஆகிறது. ஊர் ஊராகப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார். காய்ச்சலோடு ஆடினார். அப்பாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாளும் ஆடினார். அணிக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். இடது மூலையில் அவர் மட்டும் கோயில் தூண் மாதிரி நின்றுகொண்டே இருந்தார்.

இப்போது முழங்கால் போய்விட்டது. "இன்னொரு அடி பட்டா, அப்புறம் கம்பு ஊன்றித்தான் நடக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணிக்காரர்களோ இன்னும் ஒரு வருஷம் ஆடக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மனசு ஆடத்தான் இழுத்தது. ஆனாலும் உள்ளே ஒரு பயம். நேரே மடத்துக்குப் போனார்.

மடத்துச் சாமி வயதில் சின்னவர். ஒரு காலத்தில் பேச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு களத்தில் நின்றவர்தான். ஆண்டவன் அவரைக் காவி கட்ட வைத்துவிட்டான். பேச்சிமுத்து அவரைச் சாமி என்பார். சாமி இவரை அண்ணே என்பார்.

பேச்சிமுத்து விழுந்து கும்பிடப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை.

"சும்மா இருங்கண்ணே. உங்களைத் தூக்கிவிட இங்கே கிரேனா இருக்கு?"

"ஆடட்டுமா, வேண்டாமா சாமி?"

"ஆடலைன்னா என்ன?"

"ஆடலைன்னா நான் யாரு? பாடிப் போய்ப் பாயிண்ட் எடுக்கிறவன் பேரைத்தான் சனம் சொல்லும். காலைப் பிடிச்சு நிறுத்தினவனை யார் நினைக்கப் போறா? நான் களத்தை விட்டு வந்தா, மறுநாளே என் தடத்தைக் கூட்டித் தள்ளிடுவாங்க."

சாமி திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டார்.

"வாங்கண்ணே, காலாற நடந்துட்டு வருவோம்."

"காலே போச்சுங்கிறேன்."

"அப்ப மெதுவா நடப்போம்."

மடத்துக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானம். பொம்பளைப் பிள்ளைகள் கபடி பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாடிக்கொண்டு வந்தாள். அவளை மடக்க, இந்தப் பக்கத்தில் இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்து நின்றார்கள்.

பேச்சிமுத்து உற்றுப் பார்த்தார். கோர்த்த கைகளில் எல்லாம் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

சாமி ஓரத்தில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த விரலை ஏன் நீட்டி வச்சிருக்கே?"

"அப்படித்தான் பிடிக்கணும் சாமி. அப்பத்தான் பிடி விடாதாம்."

"யார் சொன்னா?"

"எங்க கோச் அக்கா."

"அவங்களுக்கு?"

"அவங்க அண்ணன். அண்ணனுக்கு யாரோ! ஆட்டம் போயிட்டிருக்கு சாமி, விடுங்க." ஓடிவிட்டாள்.

பேச்சிமுத்து தன் வலது கையைப் பார்த்தார். ஆட வந்த புதிதில் ஒடிந்து, கோணலாகச் சேர்ந்துகொண்ட ஆள்காட்டி விரல். அன்றிலிருந்து அது மடங்காது. அதை நீட்டி வைத்துக்கொண்டேதான் இத்தனை வருஷமும் பக்கத்து ஆளின் கையைப் பிடித்தார்.

"ஐயையோ சாமி, இது முறையே இல்லை! என் விரல் மடங்காது, நான் அப்படிப் பிடிச்சேன். இதுகளுக்கு நல்ல விரலாச்சே. வேகமா ஒரு மோது மோதினா ஒடிஞ்சு போகுமே!"

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

போன் அடித்தது. அணிக்காரர்கள்தான். எடுக்காமல் சாமியின் கையில் திணித்தார்.

"நான் வரலைன்னு சொல்லிடுங்க."

செருப்பைக் கழற்றினார். சிரமப்பட்டுக் குனிந்து, கோட்டோரத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏ பிள்ளைகளா, விரலை மடக்குங்க! விரலை மடக்குங்க!"

ஆட்டம் நின்றது. முன்னால் நின்றவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தாள்.

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

பேச்சிமுத்து திரும்பிச் சாமியைப் பார்த்தார்.

"கையைக் காட்டுங்கண்ணே" என்றார் சாமி.