மூடியைத் திறக்கிற கை

“தாயி, நாம போட்ட மருந்து பொய்யா?”

கேட்டவர் சடையாண்டி. காலமெல்லாம் ஊர் ஊராய்க் கல்யாணப் பந்திக்குச் சமைத்தவர். நரைத்த பிறகு கண் வைத்தியம் கற்கிறேன் என்று நீலாயியிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது.

கட்டிலில் பூமயில் படுத்திருந்தாள். கதிர் அறுக்கும்போது நெல்தாள் கருவிழியைக் கீறிவிட்டது. இன்னொரு கண் சின்ன வயதிலேயே அம்மையில் போயிற்று. அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

நீலாயி கண்ணைக் கழுவி, மருந்து விட்டு, துணி கட்டி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். ஆனாலும் புண் ஆறவில்லை.

“மருந்து சரிதான் அண்ணே. நீங்க என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. புண்ணு ஆறுதான்னு கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.”

“எப்போ?”

“காலையில. அப்புறம் மத்தியானம். நடுவுல ஒண்ணு ரெண்டு தரம் இருக்கும்.”

“இப்போ வெத்தலை போடப் போறதுக்கு முன்னாடியும்” என்று பூமயில் எடுத்துக் கொடுத்தாள்.

சடையாண்டியின் முகம் சுண்டிப்போனது. பாவம், மனுஷனுக்குப் பயம். இந்தக் கண்ணும் போய்விட்டால் இவள் கதி என்ன என்று நினைத்து நினைத்துச் சோறே இறங்கவில்லை. பயம் வந்தால் அந்தக் கை மூடியைத் திறக்காமல் இருக்காது. சோறு வெந்ததா என்று பானையைத் திறந்து திறந்து பார்த்து அடுப்படியில் வந்த பழக்கம்.

நீலாயி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கருவிழியில ரத்தம் ஓடுதா அண்ணே?”

“இல்ல தாயி. ஓடினா பார்வையை மறைச்சிடுமே.”

“அப்போ அதுக்குச் சோறு போடுறது யாரு?”

“கண்ணுக்குள்ள ஊறுற நீரு.”

“புண்ணு மூட, வளருன்னு சொல்றது?”

“அந்த நீருதான்.”

“மூடினப்புறம், போதும் நில்லுன்னு சொல்றது?”

“அதுவும் அந்த நீருதான்.”

“அத்தனையும் அது பார்த்துக்குது. நீங்க?”

சடையாண்டி யோசித்தார்.

“நான் திறந்து பார்க்கறேன் தாயி.”

பூமயிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீலாயி உள்ளே போய் ஒரு துணி எடுத்து வந்தாள். பூமயிலுக்குத்தான் என்று நினைத்து அவர் நகர்ந்து வழிவிட்டார். அவள் அதை அவர் கண்களில் கட்டினாள்.

“இவ கட்டை அவிழ்க்கிற அன்னைக்குத்தான் உங்களுதையும்.”

அப்புறம் அந்த வீட்டில் ஒரே கூத்து. கஞ்சிக் கலயத்தை நடுவில் வைத்துவிட்டு நீலாயி போய்விடுவாள். இருவரும் துழாவுவார்கள். சடையாண்டி ஊறுகாயில் கையை விடுவார். பூமயில் அவர் மடியில் கஞ்சியை ஊற்றுவாள். ஒருநாள் அவர் திடீரென்று உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“தாயி, அரிசி வெந்தாச்சு. இறக்குங்க.”

“பார்க்காம எப்படித் தெரியும்?” என்றாள் பூமயில்.

“வாசம் வருதே.”

சொல்லிவிட்டுத் தன் கண்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. முதலில் பூமயிலுக்கு. அவள் கூசிக் கூசிக் கண்ணைத் திறந்தாள்.

“பெரியவரே, உங்க மீசையில கஞ்சி காஞ்சு கிடக்கு.”

கட்டுக்குள்ளேயே சடையாண்டிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு தச்சன் வந்தான். மரச்சிராய் தெறித்துக் கீறியிருந்தது. நீலாயி கழுவி மருந்து விட்டாள்.

“அண்ணே, துணி.”

சடையாண்டி கொண்டுவந்தார். அவர் கையில் இரண்டு துணி இருந்தது.

“எனக்கும் ஒண்ணு கட்டிடுங்க தாயி.”