தும்பலப்பட்டி மெத்தைக்காரர்களுக்கு அரிப்பு வந்த கதை

தும்பலப்பட்டியில் மெத்தை தைக்கிற அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் உருமையா, நடுவன் கொண்டல்ராசு, கடைசி சங்கிலி. உடம்பு கொடுக்கும்போது தாராளமாகக் கொடுத்த கடவுள், மூளை கொடுக்கிற நேரத்தில் மட்டும் கறாராகப் பேரம் பேசிவிட்டார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் தருவேன் என்றார். இவர்கள் அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

உருமையாவுக்கு வயது முப்பத்தெட்டு. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினொன்றும் கைநழுவிப் போனது. பன்னிரண்டாவதாகக் கரட்டூர் வீரபுத்திரனின் மகள் வேலுத்தாயைத் தரகர் கொண்டுவந்தார். பெண்ணுக்குச் சம்மதம். அடுத்த வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார். அதிலும் தேறிவிட்டால் கல்யாணம்தான்.

வருகிறவர்களை வெறும் பாயில் உட்கார வைக்கலாமா? மெத்தைக்காரன் வீட்டில் ஒரு மெத்தை கிடையாது. தைத்ததெல்லாம் ஊருக்குப் போய்விட்டது. இலவம்பஞ்சு முழுவதும் அடுத்தவர் ஆர்டர். அதில் ஒரு பிடி எடுக்க மாட்டார்கள். அந்த விஷயத்தில் யோக்கியர்கள், குறை சொல்ல முடியாது.

சங்கிலி மலையடிவாரத்துக்குப் போய் ஒரு செய்தியோடு வந்தான்.

"அண்ணே, வேலியெல்லாம் ஒரு கொடி படர்ந்து கிடக்கு. காய் மேல பொன்னு நிறத்துல ரோமம். பட்டு தோத்துப் போகும். மாடு கடிக்கல, ஆடு தொடல. விறகு பொறுக்குற ஆளுங்ககூட அந்தப் பக்கம் சுத்திக்கிட்டுத்தான் போறாங்க."

"ஏன் சுத்திக்கிட்டுப் போறாங்க?"

"நமக்காக விட்டு வச்சிருக்காங்க அண்ணே."

அது பூனைக்காலி. அந்த ரோமம் ஒன்று மேலே பட்டால் போதும், நெருப்பு வைத்த மாதிரி அரிக்கும். இது தும்பலப்பட்டியில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். இவர்கள் மழையில் போனார்கள். ரோமம் ஈரத்தில் படிந்து கிடந்ததால் அள்ளும்போது அரிக்கவில்லை. மூன்று சாக்கு நிறைய அள்ளிவந்து, அடுப்படியில் அரை ஈரமாக உலர்த்தி, உறைக்குள் அடைத்து, சிவப்புப் பூப்போட்ட துணியில் மெத்தை தைத்துவிட்டார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே ரத்தம் கொதிக்கிறது. ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு ஆளை!

புது மெத்தை கல்லு மாதிரி இருக்கும், நாலு நாள் உருண்டால்தான் பதம் வரும் என்பது அவர்கள் தொழில் பாடம். விருந்தாளிக்காக மூன்று பேரும் அதில் உருண்டார்கள். நன்றாகவே உருண்டார்கள்.

விடிந்தபோது மூன்று பேரும் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெத்தையின் மேல்தான்.

தரகர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யா உருமையா, வீரபுத்திரன் எதை வேணும்னாலும் பொறுப்பார். சொறியிற ஆளை மட்டும் பொறுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை உன் கை உன் உடம்புல பட்டதைப் பார்த்தார்னா, வந்த வண்டியிலயே ஏறிப் போயிருவார். இதுக்கப்புறம் உனக்குப் பொண்ணு தேட எனக்குக் கால் இல்லப்பா."

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் சடையாண்டி வைத்தியரிடம் போய் நின்றார்கள்.

"வீட்டுக்குள்ள புதுசா ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார் வைத்தியர்.

மூன்று பேரும் தனியே போய்ப் பேசினார்கள்.

"மெத்தையைச் சொல்லுவமா?" என்றான் சங்கிலி.

"அது எங்கடா வந்துச்சு? வீட்டுக்குள்ளயே தைச்சோம். வாசப்படி தாண்டுனதே இல்ல," என்றான் கொண்டல்ராசு.

"ஒண்ணும் வரலைங்கய்யா," என்றான் உருமையா, நிம்மதியாக.

"சரி. வேப்பிலையும் குப்பைமேனியும் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியை ஆற வச்சு, தினம் ஒரு வேளை குளிங்க. நாற்பத்தெட்டு நாள்."

"வெள்ளிக்கிழமை வீடு பாக்க வர்றாங்கய்யா. ஆறு நாள்ல முடிச்சுக் குடுங்க."

"வைத்தியம் என்னப்பா, மாட்டுச் சந்தையா? குறைச்சுக் கேக்குற?"

"நாற்பத்தெட்டுக் குளியலும் குளிச்சிர்றோம். நாளை மட்டும் குறைங்க."

கொண்டல்ராசு விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு நாளைக்கு எட்டுக் குளியல். வைத்தியருக்கு வாயடைத்துப் போனது. அதைத்தான் இவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னும் மூணு விஷயம்," என்றார் வைத்தியர். "எவ்வளவு அரிச்சாலும் உங்க கை உங்க உடம்புல படக் கூடாது. கடைசி நாள் பச்சிலையை அரைச்சு மேலெல்லாம் பூசி, அது காயுற வரைக்கும் அசையாம இருக்கணும். முக்கியமானது, காரணத்தைக் கண்டுபிடிக்கணும். தினம் ஒண்ணை வீட்டை விட்டு வெளிய வையுங்க. எது வெளிய போனதும் அரிப்பு நிக்குதோ, அதுதான் காரணம்."

தங்கமான யோசனை. புத்தியுள்ள மனுஷன் கையில் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

வைத்தியர் வீட்டுப் படியைவிட்டு இறங்கியதும் உருமையாவுக்கு முதுகு அரித்தது. தன் கை தன் உடம்பில் படக்கூடாது. சங்கிலி சொறிந்துவிட்டான். சங்கிலிக்குக் கொண்டல்ராசு. கொண்டல்ராசுக்கு யார்? உருமையாதான். மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்து வட்டமாக நடக்க ஆரம்பித்தார்கள். வட்டமாக நடந்தால் வீடு வராது என்பது அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது.

அன்றைக்குக் கருவாட்டுப் பானையை வெளியே வைத்தார்கள். எட்டுத் தடவை குளித்தார்கள். மெத்தையில் படுத்தார்கள். அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டை வெளியே கட்டினார்கள். அரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் பானையையும் ஆட்டையும் பார்த்துவிட்டு, "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். "காரணத்தைக் காலி பண்றோம்," என்றான் கொண்டல்ராசு.

திங்கட்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தால் சாமான் நிறைய, நாள் குறைவு. ஆகவே அண்டா, டிரங்குப் பெட்டி, காலண்டர், கண்ணாடி, செத்துப்போன அப்பாவின் போட்டோ எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தெருவில் வைத்தார்கள். அப்பாவை வைக்கும்போது மட்டும் உருமையா, "மன்னிச்சிருங்கப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்," என்றான்.

அப்போதும் அரித்தது.

வெறும் வீட்டின் நடுவில் மெத்தையைப் போட்டு, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"எல்லாத்தையும் வெளிய வச்சாச்சு. இன்னும் என்னதான் உள்ள இருக்கு?" என்றான் உருமையா.

சங்கிலி தயங்கித் தயங்கிச் சொன்னான். "மெத்தை இருக்குல்ல அண்ணே."

கொண்டல்ராசு சிரித்தேவிட்டான். "மெத்தையை வெளிய வச்சுட்டா, காரணத்தை யோசிக்கிறதுக்கு எங்கடா உக்காருவ? கேக்குறான் பாரு கேள்வி!"

"நாம தைச்ச மெத்தை மேல நாமளே சந்தேகப்பட்டா, ஊருக்குள்ள எவன் வாங்குவான்?" என்றான் உருமையா.

சங்கிலி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களே!

செவ்வாய்க்கிழமை சங்கிலியை வெளியே வைத்தார்கள். ஆனால் கூடப் பிறந்தவன். வெறுந்தரையில் படுக்க விட மனசு வருமா? "மெத்தையை நீயே வச்சுக்கடா," என்று தூக்கிக் கொடுத்தார்கள். அவன் தெருமுனைப் புளியமரத்தடியில் அதை விரித்துப் படுத்தான்.

வீட்டுக்குள் அண்ணன்மார் இரண்டு பேரும் பச்சைக் குழந்தை மாதிரி தூங்கினார்கள். ஒரு அரிப்பு இல்லை.

காலையில் சங்கிலி, உடம்பெல்லாம் தடித்து, மெத்தையைத் தலையில் சுமந்து வந்தான்.

"காரணம் நீதாண்டா," என்றான் உருமையா, கண் கலங்க.

"எனக்கும் தெரிஞ்சு போச்சு அண்ணே. நான் மட்டும்தான் இருந்தேன், அங்கயும் அரிச்சுது."

"அவசரப்படக் கூடாது," என்றான் கொண்டல்ராசு. "என்னையும் வெளிய வச்சுப் பாத்துருவோம். நாளைக்கு அவன் மனசுல ஒரு குறை இருக்கக் கூடாது."

புதன்கிழமை கொண்டல்ராசு மெத்தையோடு வெளியே போனான். வீட்டில் அரிப்பு இல்லை. அவனும் காரணம். வியாழக்கிழமை உருமையா மெத்தையோடு போனான். வீட்டில் அரிப்பு இல்லை. அவனும் காரணம். வைத்தியர் சொன்ன விதி மூன்று தடவையும் பிசகாமல் வேலை செய்தது.

"மூணு பேருமே காரணம்," என்று அன்று ராத்திரியே முடிவு சொன்னான் கொண்டல்ராசு. "நாளைக்கு விருந்தாளி வர்றப்ப நாம ஒருத்தரும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. மெத்தையை விரிச்சு அவங்களை உக்கார வச்சுட்டு, நாம தெருவுல நிப்போம்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. நாற்பத்தெட்டுக் குளியலும் முந்தின நாளோடு முடிந்திருந்ததால், ஆற்றங்கரைப் பச்சிலையெல்லாம் அரைத்து உருமையாவுக்கு உச்சி முதல் பாதம் வரை பூசினார்கள். காயுற வரைக்கும் அசையக் கூடாது. பூசி முடித்த நிமிஷம் தூறல் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை, வாசலில் தூறலில், பச்சை வேட்டிக்கு மேலே பச்சை உடம்போடு, கோயில் துவாரபாலகர் மாதிரி நின்றான்.

வீரபுத்திரனும் அவர் அக்காவும் மச்சினனும் வந்து இறங்கினார்கள். வீரபுத்திரன் மாப்பிள்ளையை மூன்று தடவை சுற்றி வந்தார்.

"என்னப்பா இது, பச்சையா இருக்காரு?"

"மத்த வீட்டு மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசுவாங்க. எங்க வீட்டுல பச்சை," என்றான் சங்கிலி.

"அசையவே மாட்டேங்கிறாரே!"

"பெரியவங்க முன்னாடி அண்ணன் அசையாதுங்க."

வீரபுத்திரனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சொறிவது என்ன, இவன் இமையைக்கூட யோசித்துத்தான் அசைக்கிறான்! உள்ளே போனார். வெற்று வீடு, நடுவில் சிவப்புப் பூ மெத்தை. "ஆடம்பரம் இல்லாத குடும்பம்," என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். வந்த மூன்று பேரும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். முதலில் மச்சினன் தொடையைச் சொறிந்தார். பிறகு அக்கா முதுகைச் சுவரில் தேய்த்தார். வீரபுத்திரன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் இரண்டு கையாலும் ஆரம்பித்தார் பாருங்கள், சல்லடை போட்டுச் சலிக்கிற வேகம்!

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த கொண்டல்ராசுக்கு முகம் மாறியது.

"பெரியவரே, நீங்க சொறியிற குடும்பமா?"

வீரபுத்திரனுக்கு மானம் போனது. கையை மடக்கிப் பிடித்தார். கை கேட்கவில்லை.

"அய்யய்யோ, எங்க பரம்பரையில எவனும் சொறிஞ்சதே இல்ல தம்பி! இன்னிக்குத்தான்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நாங்க யோசிக்கணுமுங்க."

இதைக் கேட்டதும் வாசலில் நின்ற உருமையாவுக்கு உயிரே போய்விட்டது. பதினோரு இடம் போய்ப் பன்னிரண்டாவது கைக்கு வந்திருக்கிறது, தம்பிக்காரன் யோசிக்கணும் என்கிறான்! 'டேய், எனக்குச் சம்மதம்டா, வாயை மூடுடா' என்று கத்தவேண்டும். ஆனால் பச்சிலை காயவில்லை. உதட்டிலும் பூசியிருக்கிறார்கள். கண்ணை மட்டும் உருட்டினான். உருட்டி உருட்டி விழித்தான்.

வீரபுத்திரன் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளைக்குக் கோபமா?"

"பயங்கரக் கோபம்," என்றான் சங்கிலி.

"தை மாசம் கல்யாணம்னு நினைச்சேன். வேணும்னா ஆவணியிலயே வச்சிருவோம்."

உருமையா இன்னும் பலமாகக் கண்ணை உருட்டினான். சரி, சரி, சரி என்று அர்த்தம்.

"சரி, கோவிச்சுக்காதீங்க மாப்ள! இன்னும் பதினஞ்சு நாள்ல முகூர்த்தம். பந்தல் செலவு, சாப்பாடு எல்லாம் எங்களோடது. சொறிஞ்ச விஷயம் மட்டும் வெளிய போக வேண்டாம்!"

பேரத்தில் வாயைத் திறக்காதவன்தான் ஜெயிப்பான். இதைக் கற்றுக்கொள்ள நான் முப்பது வருஷம் சந்தையில் அடிபட்டேன். இவன் மேலே கொஞ்சம் தழையைப் பூசிக்கொண்டு சாதித்துவிட்டான். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நாங்க பெருந்தன்மையா விட்டுக் குடுக்கிறோம்," என்றான் கொண்டல்ராசு. போகிறபோது, பாவம் அரிப்புக்காரர்கள், நன்றாகத் தூங்கட்டும் என்று மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றினான். வைத்தியர் சொன்ன விதியையும் ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினான்.

அன்றையிலிருந்து தும்பலப்பட்டியில் அரிப்பு இல்லை. நாற்பத்தெட்டுக் குளியலின் மகிமை என்று வைத்தியருக்கு ஒரு மாலை போட்டுவிட்டு வந்தார்கள்.

பதினைந்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் கரட்டூர் போய் இறங்கினால், தெருவை அடைத்துப் பந்தல். பந்தலுக்குப் பக்கத்தில் பீரோ, கட்டில், ஆட்டுக்கல், தொட்டில், இரண்டு எருமை, வீரபுத்திரனின் செத்துப்போன அப்பா, அம்மா போட்டோக்கள். குடும்பத்தில் பதினாலு பேரும் தெருவில்தான் குடியிருந்தார்கள்.

தாலி தெருவிலேயே கட்டினார்கள். உருமையாவின் கை இந்தத் தடவை அசைந்தது. வேலுத்தாய் கழுத்தில் மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுந்தது. அவன் அழுதுவிட்டான்.

சாப்பாடு முடிந்ததும் வீரபுத்திரன் மாப்பிள்ளையை வீட்டு ஜன்னலுக்குக் கூட்டிப்போனார்.

"நீங்க சொன்ன மாதிரியே மாப்ள, சாமானெல்லாம் வெளிய வச்சோம், நிக்கல. ஒவ்வொரு ஆளா வெளிய வச்சோம், நிக்கல. மொத்தமா எல்லாரும் வெளிய வந்தோம், பட்டுனு நின்னுருச்சு. காரணம் நாங்க பதினாலு பேரும்தான். சம்பந்தி குடுத்த மரியாதையாச்சேன்னு மெத்தையை மட்டும் உள்ள விட்டிருக்கோம்."

உருமையா ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தான். வெறும் வீட்டின் நடுவில், மின்விசிறிக் காற்றில், மெத்தை தனியாக, ராஜா மாதிரி கிடந்தது. கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, தம்பிகளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களாடா? அன்னிக்கு இது மேல சந்தேகப்பட்டோமே, பாவம். பதினஞ்சு நாளா அந்த வீட்டுக்குள்ளயே கிடக்கு, ஒரு தடவைகூட சொறிஞ்சுக்கல!"