வெள்ளைக் களிம்பில் தேடியது

“ஒண்ணுமே இல்லாத களிம்பை எத்தனை தடவை மேடம் பார்க்குறது?” என்று அலுத்துக்கொண்டார் சவரிமுத்து.

கேட்டது ஆய்வுக்கூடத் தலைவி மெஹருன்னிசாவிடம். அவர் இவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தோல் களிம்புகளைச் சோதிக்கும் வித்தையில் சவரிமுத்துவுக்கு அவர்தான் குரு. இவர் குடிநீர் சோதித்தே தலை நரைத்த மனுஷர். களிம்புப் பக்கம் வந்து சில வாரம்தான் ஆகிறது.

வெளியே பெஞ்சில் செண்பகவல்லி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

குழந்தையின் கன்னச் சொறிக்குக் கடையில் வாங்கிய களிம்பு அது. பூசினால் மறுநாளே மாயமாய் மறையும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். டியூப் முழுக்க மூலிகைப் பெயர்கள். ஆனால் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பிஞ்சுத் தோல் மெலிந்துபோகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பூசலாமா, கூடாதா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

பெற்றவள் இப்படித் தவித்துக்கொண்டிருக்கிறாளே என்று சவரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. அறிக்கை தயாராகும் முன்பே அவளிடம் போய்ச் சொல்லியிருந்தார்.

“ஸ்டீராய்டு கீராய்டு ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா இரு.”

சொன்னதை மெஹருன்னிசாவிடம் சொல்லவில்லை. செண்பகவல்லி அறிக்கைத் தாளுக்காகக் காத்திருந்தாள்.

இப்போது அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்டதும் மெஹருன்னிசா எழுந்தார். உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன டப்பாவில் வேறு வெள்ளைக் களிம்பு இருந்தது.

“இதையும் பாருங்க அண்ணே.”

சவரிமுத்து முணுமுணுத்துக்கொண்டே, முன்பு செய்தது போலவே எடை போட்டார். குப்பியில் இட்டு, மருந்தைக் கரைத்தெடுக்கும் மெத்தனால் ஊற்றி, கை வலிக்கக் குலுக்கி வடிகட்டினார். தெளிந்து இறங்கியதை மெஷினுக்குக் கொடுத்தார். வடிதாளில் தங்கிய கட்டியைக் குப்பையில் போட்டார். தண்ணீர்க்காரர் கை அல்லவா, தெளிந்ததை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டது.

ஸ்டீராய்டு இருந்தால் திரையில் கோடு ஓரிடத்தில் குன்று மாதிரி எழும்பும். அது படுத்தே கிடந்தது.

“இதுலயும் இல்லை மேடம்.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“என்ன மேடம், சின்னப் பிள்ளையைக் கேக்குற மாதிரி கேக்குறீங்க! எவ்வளவு வருஷமா சோதிக்கிற கை இது. இல்லைன்னா இல்லைதான்.”

“அதுல ஸ்டீராய்டைக் கலந்ததே நான்தான் அண்ணே.”

சவரிமுத்து மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப மெஷின் கோளாறா?”

மெஹருன்னிசா குனிந்து, குப்பையில் கிடந்த வெள்ளைக் கட்டியை எடுத்தார். புதுக் குப்பியில் போட்டு மெத்தனால் ஊற்றி மூடி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார். கட்டியாய் நின்ற கொழுப்பு மெல்ல இளகி உருகியது. கொழுப்புக்குள் சிக்கியிருந்தது மெத்தனாலில் கரைந்து வரட்டும் என்று குலுக்கினார். பிறகு ஐஸில் வைத்தார். கொழுப்பு மட்டும் உறைந்து ஒதுங்கியது. வடிகட்டி, அதே மெஷினுக்குக் கொடுத்தார்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

கோடு விறுவிறுவென்று எழும்பியது.

“அந்தம்மா கொண்டுவந்த களிம்பு மிச்சம் இருக்கா அண்ணே?” என்றார் மெஹருன்னிசா.

“இருக்கு மேடம்...”

சொல்லும்போதே சவரிமுத்துவுக்குத் தான் செண்பகவல்லியிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியே ஓடினார்.

செண்பகவல்லி குழந்தையை மடியில் கிடத்தி, பையிலிருந்த அதே களிம்பின் இன்னொரு டியூபைப் பிதுக்கிக் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது. குழந்தை கூச்சத்தில் சிரித்தது.

சவரிமுத்து டியூபை வெடுக்கென்று பிடுங்கினார். கைக்குட்டையை எடுத்து அந்தக் கன்னத்தைத் துடைத்தார்.

“என்ன சார்? ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் இன்னும் தேடவே இல்லம்மா.”