மீதியைச் சொன்னவர்

ஆசிரமத்தின் மாட்டுக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. ஒரு கன்று செத்துப்போயிற்று.

குரு மங்கையர்க்கரசி அம்மாள் அப்போது வெளியூரில் இருந்தார். மூத்த சீடர் சிவக்கொழுந்து விசாரித்து, கொட்டகையில் வேலை செய்த வீரபாகுவை வெளியே அனுப்பிவிட்டார்.

அம்மாள் திரும்பியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவரைக் கூப்பிட்டார்.

"எதை வைத்து முடிவு செய்தீர்கள்?"

"அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர், அம்மா. தணிகாசலம் நிதானமாக, கோர்வையாகப் பேசினான். வீரபாகு வார்த்தைக்கு வார்த்தை தயங்கினான். உண்மையைச் சொல்ல எதற்குத் தயக்கம்?"

"அவன் திக்குவாயன் என்று தெரியாதா?"

"தெரியும். ஆனால் அன்றைக்கு ரொம்ப அதிகம்."

"பேச்சில் எந்த இடத்தில் நின்றான்?"

"வி... வி... என்று இழுத்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் விளக்கு என்றான்."

"வி என்று தொடங்கிவிட்டவன் அதற்குமேல் எந்த வார்த்தையைத் தேடுவான்?"

சிவக்கொழுந்து நெற்றியைச் சுருக்கினார்.

"தணிகாசலம் எங்கே நின்றான்?"

"ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொன்னான்."

"அது உங்களுக்கு நிதானம்."

"அப்படியென்றால் தீக்குக் காரணம் தணிகாசலமா?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." அம்மாளின் குரல் உயர்ந்தது. "வீரபாகு என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்."

"விளக்கை நான் அணைக்கவில்லை என்றான்."

"அவனேதான் சொன்னானா?"

சிவக்கொழுந்து யோசித்தார். "விளக்கை நான், என்பதுவரை சொன்னான். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. எல்லாரும் காத்திருந்தார்கள். அணைக்கவில்லை, அவ்வளவுதானே என்று நான் கேட்டேன்."

"அவன் ஆமாம் என்றானா?"

"தரையில் ஓங்கிக் குத்தினான். கண் சிவந்துவிட்டது. அகப்பட்டுக்கொண்ட கோபம் என்று நினைத்தேன்."

"அணைக்கவில்லை என்கிற சொல் யாருடையது?"

அவர் தலை குனிந்தார். முகம் கறுத்துவிட்டது.

"இப்போதே போகிறேன், அம்மா. மன்னிப்புக் கேட்டு அழைத்து வருகிறேன்."

"மன்னிப்பா? அதையும் அழகாகப் பேசிவிடுவீர்கள். ஒன்றும் பேச வேண்டாம். அவன் எதிரே போய் உட்காருங்கள். அவன் உங்களைத் திட்டுவான். திட்டி முடிக்க அவனுக்கு நேரமாகும். அதுவரை எழுந்திருக்காதீர்கள்."