கோல் எட்டும் தூரம்

கெங்காதரன் மூன்று குளிர்காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வந்தார்.

“எனக்கு எப்ப ஒரு குழுவைத் தருவீங்கள், ரீச்சர்?”

சாம்பவி நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிப்பாள். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்த் தமிழர்களை நகரத்தை ஒட்டிய காட்டுக்குள் கூட்டிப்போவாள். முதல் வருடம் வருகிறவர்கள் சப்பாத்தோடு நடப்பார்கள். நடந்து பழகியவர்களுக்கு ஸ்கீ பலகைகளைக் காலில் பூட்டி, பனியில் சறுக்கிப் போகப் பழக்குவாள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

கெங்காதரனுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பஸ் தரிப்பிடத்தில் எல்லோர் முன்னாலும் பனியில் வழுக்கி விழுந்தவர். யாரோ இரண்டு பேர் அவரை ஒரு மூட்டையைப்போலத் தூக்கி நிறுத்தினார்கள். அதை அவர் மறக்கவில்லை. விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். ஸ்கீ ஓடி முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஒவ்வொரு கிளைப் பாதையும் அவருக்குத் தெரியும். அந்தக் குழுவில் அவரை முந்த ஆளில்லை.

அவர் கேட்கும்போதெல்லாம் சாம்பவி, “பலகைக்கு மெழுகு பூசியாச்சோ, அண்ணை?” என்று மட்டும் கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காட்டு விளிம்பில், அவர் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

“இண்டைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் கடைசியா வாறன்.”

அவர் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை.

அன்று வந்தவர்கள் மூன்று பேர்தான். தயாபரனும் அவர் மனைவியும். அவர்களோடு கனகாம்பிகை. வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஸ்கீயில் அவருக்கு இது இரண்டாவது குளிர்காலம்.

போகும் வழியில் குறை ஒன்றும் இல்லை. உறைந்த ஏரிக்கரையில் மூன்று பக்கம் மட்டும் பலகை அடித்த ஒரு கொட்டில் உண்டு. அதற்குள் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். கனகாம்பிகை கொண்டுவந்த றோல்ஸைச் சாப்பிட்டார்கள். எழும்பும்போது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பொழுதும் சாயத் தொடங்கியிருந்தது.

“கெதியாப் போவம்,” என்றார் கெங்காதரன். “இருட்ட முன்னம் லைற் போட்டிருக்கிற பாதைக்கு ஏறியிரவேணும்.”

அது சரியான யோசனைதான். சாம்பவி கடைசியில் போய் நின்றாள்.

அவர் புறப்பட்டார். புதுப்பனி கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. அதைப் பிளந்துகொண்டு போவது அவருக்குப் பிடித்திருந்தது. மூச்சு சீராக வந்தது. கைகள் தாமாகவே கோல்களை ஊன்றின. முதல் விளக்குக் கம்பத்தைத் தொட்டதும் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை.

காத்திருந்தார். கூப்பிட்டார். குரல் மரங்களைத் தாண்டிப் போகவில்லை. தான் வந்த தடம் கண்முன்னே நிரம்பிக்கொண்டிருந்தது. கோல்களை மாற்றி ஊன்றி, வந்த வழியே திரும்பினார்.

பாதை வளையும் இடத்தில் தயாபரனும் மனைவியும் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். சரிவுக்குக் கீழே, ஒரு ஊசியிலை மரத்தடியில், இடுப்பளவு பனிக்குள் சாம்பவி நின்றாள். கனகாம்பிகையின் சப்பாத்திலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டனான் தம்பி,” என்றார் கனகாம்பிகை. “எனக்கே கேக்கேல்ல.”

நான்கு பேருமாக அவரை மேலே இழுத்தார்கள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“நீங்கள் போங்கோ, பிள்ளை. நான் இதில கொஞ்சம் இருந்திட்டு ஆறுதலா வாறன்.”

“இதில இருந்தா பிறகு எழும்பமாட்டீங்கள், அன்ரி,” என்றாள் சாம்பவி. பலகைகளை மறுபடி அவர் காலில் பூட்டினாள். பிறகு கெங்காதரனிடம் திரும்பினாள்.

“அண்ணை, நீங்கள்தான் முன்னுக்கு. பாதை வெட்டிக்கொண்டு போங்கோ. அன்ரி உங்களுக்குப் பின்னால. அவவின்ர கோல் உங்கட பலகையின்ர வால்ல முட்டிக்கொண்டே வரவேணும். முட்டாட்டி நில்லுங்கோ.”

“அப்பிடிப் போனா இருட்டிரும், ரீச்சர்.”

“ஓம். இருட்டிரும்.”

அவர் முன்னுக்குப் போனார்.

டொக். ஒரு எட்டு. டொக். இன்னொரு எட்டு. சத்தம் நின்றதும் அவரும் நின்றார். பல்லைக் கடித்தார். கால் விரல்கள் மரத்துப்போயின. இந்த நேரம் வீட்டில் இருந்திருக்கலாம் என்று எண்ணினார். டொக். மறுபடி புறப்பட்டார்.

ஏற்றத்தில் சத்தம் நெடுநேரம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். கனகாம்பிகை நெற்றியைக் கோல்களில் சாய்த்துக்கொண்டு நின்றார். கண் இமைகளில் பனி ஒட்டியிருந்தது.

“கொஞ்சம் நிண்டு ஆறிப் போவமோ?”

“வேண்டாம். நீங்கள் போங்கோ தம்பி. நான் முட்டுறன்.”

அந்த ஏற்றத்தில் கனகாம்பிகையின் பலகை பின்னுக்குச் சறுக்கிச் சறுக்கி வந்தது. கெங்காதரன் ஒவ்வொரு எட்டிலும் பனியை இரண்டு தரம் மிதித்தார். இறுகிய பனியில் கனகாம்பிகையின் பலகை பிடித்துக்கொண்டது. அப்படி மிதிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் எட்டுகளையும் சிறிதாக்கினார். சத்தம் விட்டுப்போகாமல் வந்தது.

நன்றாக இருட்டிய பிறகு மரங்களுக்கிடையே முதல் விளக்கு தெரிந்தது. தயாபரனின் மனைவி மூக்கை உறிஞ்சினார்.

பஸ் தரிப்பிடத்தில் கனகாம்பிகை நீள வாங்கில் உட்கார்ந்து, பிளாஸ்கின் அடியில் கிடந்ததை மூடியில் ஊற்றிக் கெங்காதரனிடம் நீட்டினார்.

“முழு வழியும் உங்கட முதுகைத்தான் பாத்துக்கொண்டு வந்தன். முகம் மறந்துபோச்சு, தம்பி.”

அவர் வாங்கிக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

பஸ் வந்தது. மற்ற மூவரும் ஏறிப் போனார்கள். சாம்பவி பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து வாரால் கட்டிக்கொண்டிருந்தாள். கெங்காதரன் பக்கத்தில் நின்றார். அவர் மனதில் ஒன்று அடங்காமல் கிடந்தது. அதை விட்டுவிடுகிற ஆளில்லை அவர். கோபமில்லாமல், நிதானமாகச் சொன்னார்.

“ரீச்சர், என்ர வேகத்திலேயே விட்டிருந்தா, வெளிச்சத்தோட வந்திருப்பம்.”

சாம்பவி வாரை இறுக்கி முடிந்தாள். பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

“ஓம் அண்ணை. நீங்கள் வந்திருப்பீங்கள்.”